கோலாலம்பூரில் வைட்டமினை அளந்த வரலாறு

வைட்டமின் சி மாத்திரை ஒன்றில் எவ்வளவு அஸ்கார்பிக் அமிலம் இருக்கிறது என்று கண்டறிவதற்குப் பழமையானதும் இன்றும் நம்பத்தக்கதுமான வழி தரம்பார்த்தல். மாத்திரையைக் கரைத்த நீரில், செறிவு தெரிந்த இன்னொரு கரைசலைப் பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விடுவார்கள். நிறங்காட்டி நிறம் மாறும் கணத்தில் குழாயை அடைப்பார்கள். செலவான கரைசலின் கனஅளவிலிருந்து அமிலத்தின் எடை கணக்கில் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை, கண்ணுக்குத் தெரியும் ஒரு மாற்றத்தைக் கொண்டு அளப்பதே இதன் அடிப்படை. கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த முயற்சி வைட்டமின் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அங்கே முதலில் அளக்கப்பட்டது அரிசி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் மலாய் மாநிலங்களில் மலேரியாவுக்கு இணையாக அஞ்சப்பட்ட நோய் பெரிபெரி. முதலில் பாதம் மரத்துப்போகும், கால் வீங்கும், நடை தள்ளாடும், முற்றினால் இதயம் செயலிழந்து ஆள் இறந்துபோவார். ஈயச் சுரங்கங்களில் வேலைசெய்த சீனத் தொழிலாளர்களிடமும், சிறைகளிலும், மருத்துவமனைகளிலும் இது கொத்துக்கொத்தாக வந்தது. 1900-இல் கோலாலம்பூரில் நோயியல் ஆய்வகம் ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் மருத்துவ ஆய்வுக் கழகம் என்ற பெயரில் நாடறிந்த நிறுவனமாக வளர்ந்த அதன் தொடக்கக் காலப் பெரும் கவலைகளில் ஒன்று பெரிபெரி. முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், இது கிருமியால் பரவும் நோய் என்று உறுதியாக நம்பினார். பாஸ்டர், கோக் ஆகியோரின் கிருமிக் கொள்கை மருத்துவ உலகை ஆண்டுகொண்டிருந்த காலத்தில் அப்படி நினைப்பதே இயல்பாக இருந்தது.

ஆனால் நோய் எல்லோரையும் ஒன்றுபோல் தொடவில்லை. ஒரே ஊரில், ஒரே மழையில், அடுத்தடுத்த குடியிருப்புகளில் வாழ்ந்தும் தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. ரப்பர் தோட்டத்து லயங்களிலும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும், கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த தமிழர்கள் வசதியாக வாழ்ந்தவர்கள் அல்லர். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அவர்களைக் கொன்றுகொண்டுதான் இருந்தன. பெரிபெரி மட்டும் விலகி நின்றது. தம் நிலத்து நெல்லை அவ்வப்போது குத்திச் சாப்பிட்ட கிராமத்து மலாய்க்காரர்களிடமும் நோய் குறைவு. நெகிரி செம்பிலான் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் லெனர்ட் பிராடன் இந்த வேறுபாட்டைப் பல ஆண்டுகள் கவனித்து, காரணம் சோற்றுப் பானையில் இருக்கிறது என்று வாதிட்டார். பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றிய அவருடைய பெரிய நூல் 1907-இல் வெளிவந்தது.

தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, அதன்பிறகே உமி நீக்குவது தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். சீனத் தொழிலாளர்கள் விரும்பியது சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. புழுங்கலின் வாடை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நெல் அவியும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள நீரில் கரையும் சத்துகள் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகின்றன. மாவுப்பொருள் இளகி இறுகுவதால் பின்னர் ஆலையில் தீட்டினாலும் அவை முழுதாகப் போய்விடுவதில்லை. இந்த விளக்கம் பிற்காலத்தது. பச்சரிசி கிடங்கில் பழையதாகும்போது அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது, நெல்லை அவிப்பது அதைத் தடுக்கிறது என்று பிராடன் கருதினார். காரணம் தவறு, கைகாட்டிய இடம் சரி.

பிராடனின் கருத்தைச் சோதித்தவர் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். சோதனை நடந்த இடம் கோலாலம்பூர் மனநோய் விடுதி. அங்கே பெரிபெரி கடுமையாக இருந்தது. 1905 டிசம்பரில் அவர் நோயாளிகளை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்கு வெள்ளைச் சயாம் அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் இரு குழுவினருக்கும் ஒன்றே. இரு குழுவினரும் எதிரெதிர்க் கட்டடங்களில் தங்கினர். நோய்க்குக் கட்டடம் காரணமாக இருக்கலாமோ என்ற ஐயம் வராமலிருக்க, 1906-இன் நடுவில் இரு குழுவினரையும் கட்டடம் மாற்றிக் குடிவைத்தார். அந்த ஆண்டு முடியும்வரை சோதனை தொடர்ந்தது.

முடிவில் வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி வந்திருந்தது. 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அந்த இருவரும் விடுதிக்குள் வரும்போதே நோயோடு வந்தவர்கள். அந்தக் குழுவில் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. வெள்ளை அரிசி உண்டு நோயுற்றுப் பின் புழுங்கலுக்கு மாற்றப்பட்டவர்கள் தேறினர். 1907-இல் லான்செட் இதழில் ஃபிளெட்சர் இதை வெளியிட்டார். அரிசியில் நஞ்சு இருக்கலாம், புரதம் குறைவாக இருக்கலாம், அல்லது அந்த உணவு போதாமல் உடல் நலிந்து கிருமிக்கு இடம் கொடுக்கலாம் என்று மூன்று விளக்கங்களையும் அவர் திறந்தே வைத்தார். கைவசம் இருந்த சான்றைத் தாண்டி ஒரு சொல்கூடச் சொல்லாத அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் சோதனையின் விலையை அந்தப் பாராட்டு மறைத்துவிடக் கூடாது. தமக்காகப் பேச இயலாத நோயாளிகள் ஓர் ஆண்டுக்கும் மேலாக, கொல்லக்கூடும் என்று ஐயுற்ற உணவையே உண்டனர். இன்று எந்த மருத்துவ நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. உலக மருத்துவம் வைட்டமின் குறைபாட்டைப் பற்றி அறிந்ததில் அந்தப் பதினெட்டு உயிர்களுக்கும் பங்குண்டு. கோலாலம்பூரின் வரலாற்றில் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும்.

அடுத்த அடியை எடுத்துவைத்தவர்கள் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டாண்டனும். 1907-இல் நெகிரி செம்பிலானின் டுரியான் தீப்புஸ் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிக் குழுவில் நோய் தலைகாட்டியது. புழுங்கல் குழுவில் இல்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. பிறகு கோழிகளுக்கு வெள்ளை அரிசி கொடுத்துச் சோதித்தார்கள். புதிதாகத் தீட்டிய அரிசியும் கோழிகளை முடக்கியது. பிராடன் சொன்ன ‘பழையதாகும்போது உண்டாகும் நஞ்சு’ இதோடு விழுந்தது. தீட்டும்போது உதிர்ந்த தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் கோழிகள் நலமாக இருந்தன. அரிசியில் ஏதோ கூடியதால் நோய் வரவில்லை, அரிசியிலிருந்து ஏதோ போய்விட்டதால் வந்தது என்பது இங்கே தெளிவாயிற்று. இதே முடிவை நோக்கி ஜாவாவில் எய்க்மானும் கிரைன்ஸும் முன்பே நகர்ந்திருந்தனர். ஆயினும் 1910-இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியைத் தொடர்ந்து உண்பதே பெரிபெரிக்குக் காரணம் என்று தீர்மானம் நிறைவேற்றியதில் கோலாலம்பூர் ஆய்வுகளின் பங்கு பெரிது.

காரணம் தெரிந்ததும் நிர்வாகம் கேட்ட கேள்வி வேறு. கிடங்கில் வந்து இறங்கும் மூட்டையில் எது பாதுகாப்பான அரிசி, எது ஆபத்தானது? தவிட்டில் இருந்த அந்தப் பொருளுக்கு அப்போது பெயரும் இல்லை, வடிவமும் தெரியாது. ஒவ்வொரு மூட்டைக்கும் கோழிகளை வளர்த்துப் பல வாரம் காத்திருக்கவும் முடியாது. ஃபிரேசரும் ஸ்டாண்டனும் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். தீட்டத் தீட்ட அரிசியில் பாஸ்பரஸ் குறைகிறது. காக்கும் பொருளும் குறைகிறது. ஆகவே பாஸ்பரஸை அளந்தால் போதும். பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில் 0.4 விழுக்காட்டுக்குக் குறைந்த அரிசி ஆபத்தானது என்று எல்லை வகுத்தார்கள். வேதியியல் ஆய்வகம் உள்ள எந்த ஊரிலும் செய்யக்கூடிய சோதனை அது.

அக்கால ஆய்வகங்களில் உணவுப்பொருளின் பாஸ்பரஸை அளக்கப் பரவலாக இருந்த வழியும் தரம்பார்த்தல்தான். மாதிரியை அமிலத்தில் கொதிக்கவைத்து அழிப்பார்கள். அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்ததும் பாஸ்பரஸ் மஞ்சள் வீழ்படிவாக இறங்கும். அதை வடித்துக் கழுவி, அளவு தெரிந்த காரத்தில் கரைத்து, மிச்சமான காரத்தை அமிலத்தால் தரம்பார்ப்பார்கள். நிறங்காட்டி ஃபீனால்ஃப்தலீன், 1871-இல் ஜெர்மனியின் அடால்ஃப் ஃபான் பேயர் உருவாக்கிய பொருள். காரத்தில் இளஞ்சிவப்பு, அமிலத்தில் நிறமின்மை.

இந்த அளவுகோலுக்கு ஒரு குறை இருந்தது. பாஸ்பரஸ் வைட்டமின் அன்று; வைட்டமினோடு தவிட்டில் சேர்ந்திருக்கும் வேறொரு பொருள். அரிசியை மிகக் கடுமையாகச் சூடாக்கினால் காக்கும் சக்தி அழிந்துவிடும், பாஸ்பரஸ் அப்படியே இருக்கும். அப்போது எண் நல்ல அரிசி என்று சொல்லும், உண்பவர் நோயில் விழுவார். இந்தக் குறையோடும் அது பல ஆண்டுகள் அரிசியின் தரத்துக்கு ஒரு கைகாட்டியாகப் பயன்பட்டது. அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் புழுங்கல் அரிசி வந்தபின் பெரிபெரி தணிந்தது.

லண்டனில் காசிமிர் ஃபங்க் 1912-இல் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்று பெயரிட்டார். 1926-இல் ஜாவாவின் பத்தாவியாவில் யான்சனும் டோனாத்தும் 300 கிலோ தவிட்டிலிருந்து 100 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் பி1 படிகத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1936-இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதன் வேதி அமைப்பைத் தெளிவாக்கியபின் தொழிற்சாலையில் அதைச் செய்வது எளிதாயிற்று. ஆனால் ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில், அரிசி வரத்து நின்று மரவள்ளிக் கிழங்கே உணவாகிப்போனபோது, மலாயாவில் பெரிபெரி திரும்பி வந்தது. எவ்வளவு அறிவு சேர்ந்திருந்தாலும் தட்டில் சோறு இல்லாவிட்டால் அதனால் பயனில்லை என்பதை அந்தத் தலைமுறை உடம்பால் அறிந்தது.

வைட்டமின் சி வேறு பாதையில் வந்தது. ஸ்கர்வி நோயைத் தடுக்கும் பொருள் எது என்று தெரியாத நிலையில், ஒரு பழச்சாற்றின் சக்தியை அறிய கினிப்பன்றிகளுக்கு வாரக்கணக்கில் கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஃபிராங்க்பர்ட்டின் யோசஃப் தில்மன்ஸ், டைகுளோரோஃபீனால் இண்டோஃபீனால் என்ற நீலச் சாயத்தை நிறமிழக்கச் செய்யும் ஆற்றலும் ஸ்கர்வியைத் தடுக்கும் ஆற்றலும் பழச்சாறுகளில் ஒன்றோடொன்று பொருந்திவருவதைக் கவனித்தார். கோலாலம்பூர்க்காரர்கள் பாஸ்பரஸில் கண்டதைப் போன்ற ஒற்றுமையே இது. ஆனால் இம்முறை சாயத்தின் நிறத்தைப் போக்கிய பொருளே வைட்டமினாகவும் இருந்தது. ஹங்கேரியின் ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி 1928-இல் பிரித்தெடுத்திருந்த அமிலம்தான் அது என்பது 1932-இல் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு அஸ்கார்பிக் அமிலம் என்ற பெயர் வந்தது. அதே 1933-இல் ரைக்ஸ்டைன் அதைச் செயற்கையாகத் தயாரித்தார். 1934-இல் ரோஷ் நிறுவனம் ரெடாக்சான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மாத்திரை மலாயாவுக்கு வருவதற்கு முன்பே தரம்பார்க்கும் கைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பழகியிருந்தன. அதற்குக் காரணம் ரப்பரும் செம்பனையும். ரப்பர்ப் பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா எவ்வளவு என்பதை, மெத்தில் ரெட் நிறங்காட்டியை வைத்து அமிலத்தால் தரம்பார்த்துச் சொல்வது தோட்டத்து ஆய்வகங்களின் அன்றாட வேலை. 1925-இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆய்வுக் கழகம் இத்தகைய முறைகளைச் சீர்ப்படுத்தியது. கோலசிலாங்கூர் அருகே தென்னமாரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோன்னியே 1917-இல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கிவைத்தார். பிறகு வந்த ஆலைகளில் எண்ணெயின் கட்டற்ற கொழுப்பமிலத்தை அளக்க வேண்டியிருந்தது. எண்ணெயை ஆல்கஹாலில் கலக்கிச் சூடாக்கி, ஃபீனால்ஃப்தலீன் சில துளி விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்ப்பார்கள். 5 விழுக்காட்டைத் தாண்டினால் கச்சா எண்ணெய்க்கு விலை குறையும். எண்ணெயே ஆரஞ்சு நிறம். அதில் இளஞ்சிவப்பு தோன்றும் கணத்தைப் பிடிக்கக் கண் பழக வேண்டும். நிறமூட்டிய மாத்திரையைத் தரம்பார்ப்பவருக்கும் இதே தொல்லை உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு மாத்திரைகள் கடைதோறும் வந்தன. தரக் கட்டுப்பாடு பின்னால் வந்தது. 1978-இல் பெட்டாலிங் ஜெயாவில் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வகம் அமைக்கப்பட்டது. மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் விதிமுறைகள் 1984-இல் வெளிவந்தன. 1985-இல் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரக் குழு செயல்படத் தொடங்கி, மருந்துகளைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கும் மருந்துகள் 1988 முதல் இந்த வளையத்துக்குள் வந்தன. பெட்டாலிங் ஜெயாவின் அந்த ஆய்வகமே இன்று தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை என்ற பெயரில் இயங்குகிறது. மலேசிய வைட்டமின் புட்டிகளில் காணும், மால் என்ற எழுத்துகளில் தொடங்கும் எண், இந்தப் பதிவைக் குறிப்பது. உள்நாட்டு உற்பத்தியும் இதே பள்ளத்தாக்கில் வேரூன்றியது. கிள்ளானில் டுவோஃபார்மா ஆலையும், பாங்கியில் உஃபா ஆலையும் எழுந்தன. பள்ளிப் பிள்ளைகள் மென்று தின்னும் ஃபிளேவெட்ஸ், சாம்ப்ஸ் போன்ற வைட்டமின் சி மாத்திரைகள் இந்த ஆலைகளை நடத்தும் டுவோஃபார்மா குழுமத்தினுடையவை.

மென்று தின்னும் மாத்திரைதான் தரம்பார்ப்பவரை அதிகம் சோதிப்பது. தூய அஸ்கார்பிக் அமிலம் மட்டும் இருந்தால் வேலை சுலபம். 500 மில்லிகிராம் அமிலம், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 28.4 மில்லிலிட்டரைச் செலவழிக்கும். காய்ச்சி ஆறவைத்த நீரில் கரைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரில் கலந்திருக்கும் கார்பன் டையாக்சைடும் அமிலமாகக் கணக்கில் ஏறிவிடும். ஆனால் மென்று தின்னும் மாத்திரையில் புளிப்பைக் குறைக்க, அமிலத்தின் ஒரு பகுதிக்குப் பதில் சோடியம் அஸ்கார்பேட் சேர்ப்பதுண்டு. அது உடம்புக்கு வைட்டமினே. காரத்துக்கோ அது அமிலமே அன்று. எனவே ஃபீனால்ஃப்தலீன் வைட்டமினைக் குறைத்துச் சொல்லும். நீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரையில் சிட்ரிக் அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்திருப்பதால் கணக்கே குழம்பிவிடும். மாத்திரையின் மொத்த அமிலத்தை அளப்பது ஒன்று, அதன் வைட்டமினை அளப்பது வேறு.

இதற்காகத்தான் மருந்துகளின் தரத்தை வகுக்கும் மருந்து நூல்கள் வைட்டமின் சி எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் குணத்தைப் பிடித்துக்கொண்டு அளக்கின்றன. இருபது மாத்திரைகளை எடைபோட்டு ஒன்றாக அரைத்து, அந்தத் தூளிலிருந்து 150 மில்லிகிராம் வைட்டமினுக்குச் சமமான பங்கை எடுக்கலாம். நீர்த்த கந்தக அமிலம் கலந்த நீரில் அதைக் கரைத்து, ஒரு மில்லிலிட்டர் மாவுக்கரைசல் சேர்த்து, 0.05 மோலார் அயோடினை விடுவார்கள். விழும் ஒவ்வொரு துளியும் நொடியில் நீலமாகி, குடுவையைச் சுழற்றியதும் மறையும். வைட்டமின் இருக்கும்வரை அயோடின் தங்காது. கடைசி மூலக்கூறும் தீர்ந்தபின் விழும் துளி மாவோடு சேர்ந்து நீல ஊதாவாக நிலைத்துவிடும். ஒரு மில்லிலிட்டர் அயோடின் 8.81 மில்லிகிராம் வைட்டமினுக்குச் சமம். 150 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 17 மில்லிலிட்டர் செலவாகும். சோடியம் அஸ்கார்பேட்டும் இதில் தப்பாது, சிட்ரிக் அமிலம் குறுக்கிடாது. மாவுக்கரைசலைப் புதிதாகக் காய்ச்ச வேண்டும். பள்ளிக்கூடச் சோதனைக்கு வீட்டில் வடித்த கஞ்சியே போதும்.

கோலாலம்பூரின் தட்பவெப்பம் இந்த வேலையில் ஒரு பங்காளி. அயோடின் கரைசல் வெப்பத்தில் வலுவிழக்கும். தயோசல்ஃபேட்டை வைத்து அதையே அடிக்கடி சரிபார்க்க வேண்டும். வைட்டமின் சியும் ஈரத்திலும் சூட்டிலும் மெல்லச் சிதைகிறது. ஆகவே மலேசியாவில் விற்கும் மாத்திரைகளின் நிலைத்தன்மையை 30 பாகை செல்சியஸ், 75 விழுக்காடு ஈரப்பதம் என்ற, ஆசியான் நாடுகள் ஏற்றுக்கொண்ட நிலையில் வைத்து மாதக்கணக்கில் சோதிக்கிறார்கள். காலாவதி நாளிலும் அச்சிட்ட அளவு குறையாதிருக்கத் தயாரிப்பாளர்கள் தொடக்கத்தில் சற்றுக் கூடுதலாகவே வைட்டமினைச் சேர்ப்பதும் வழக்கம். அரைமூடியோடு சமையலறை சன்னலில் கிடக்கும் புட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பல வைட்டமின்கள் கலந்த மாத்திரைகள் பெருகியபின் தரம்பார்த்தல் மட்டும் போதவில்லை. இரும்பு, செம்பு உப்புகள் அயோடினோடும் தில்மன்ஸின் நீலச் சாயத்தோடும் குறுக்கிடுகின்றன; நிறமூட்டிகள் முடிவு நிலையை மறைக்கின்றன. பி1 போன்றவை மில்லிகிராம் அளவிலேயே இருப்பதால் அவற்றைப் பியூரெட்டால் பிடிப்பதும் கடினம். உயர்திறன் திரவ நிறப்பிரிகைக் கருவி இத்தகைய வைட்டமின்கள் பலவற்றை ஒரே ஓட்டத்தில் தனித்தனியாகப் பிரித்து அளந்துவிடுகிறது. இன்றைய மருந்தாலைகளிலும் ஒழுங்குமுறை ஆய்வகங்களிலும் கலவை மாத்திரைகளுக்கு அதுவே முதன்மைக் கருவி. தனி வைட்டமின் சிக்கும், ஆலைக்குள் வந்து இறங்கும் மூலப்பொருளான அஸ்கார்பிக் அமிலத்துக்கும் மருந்து நூல்கள் தரம்பார்த்தலை இன்னும் கைவிடவில்லை. அதற்கு விலையுயர்ந்த ஒப்பீட்டுப் பொருள் வேண்டாம்; செறிவைத் துல்லியமாக நிறுவிய கரைசலும், சுத்தமான பியூரெட்டும், நிறம் மாறும் துளியைத் தவறவிடாத ஆளும் இருந்தால் போதும்.